சரின்னு சொல்லிருங்க

"சரி மாப்ள, பத்திரிகைக்கே சரின்னு சொல்லிருங்க. புள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்."

கடைக்குள் காலை வைத்த ஆரிபா அப்படியே நின்றுவிட்டாள். கையில் அத்தாவுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு கேரியர்.

அத்தா ஹனிபா மகளைப் பார்க்கவில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வாங்கிப் போட்ட கதவும் தூணும் எனாமல் சட்டியுமாகக் கடை நிறைந்து கிடந்தது. ஆளுயரக் கதவு ஒன்றுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மாப்ளயாம். பத்திரிகையாம்.

போன வெள்ளிக்கிழமைதான் சென்னையிலிருந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனுக்கு மண்ணடியில் கடை. வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போனார்கள். பிடித்திருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. அதற்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும் வந்தாயிற்று, அதுவும் மாப்பிள்ளையோடு நேரடியாகவே பேச்சு.

நல்ல நாள் பார்த்தார் மனுஷன். அவளுடைய சீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள்.

பி.ஏ. தமிழ் முடித்தவளுக்கு ஜர்னலிசம் படிக்க ஆசை. மதுரையில் ஒரு தனியார் காலேஜில் விசாரித்தார்கள்; அங்கே கேட்ட பீஸில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. தேடித் தேடிக் கடைசியில் அகப்பட்டது சென்னையில் ஓர் அரசாங்க யுனிவர்சிட்டி. கட்டுபடியாகிற பீஸ், பெண்களுக்குத் தனி ஆஸ்டல். பரீட்சை எழுதி சீட்டும் வாங்கிவிட்டாள். வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய்ச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மூன்று மணிக்குள் யாரும் வராவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அத்தாவிடம் சொல்லியும் ஆயிற்று, அழுதும் ஆயிற்று. "அது விசயமாப் பாப்போம்" என்பார். படிப்பின் பெயரைக்கூட இதுவரை அவர் வாயால் சொன்னதில்லை. எப்போதும் 'அது'தான். பெரியத்தா மகள் ரிஹானாவிடமும் இப்படித்தான் பாப்போம் பாப்போம் என்றார்கள். அவளுக்கு இப்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

"மெட்ராசுக்கு அனுப்புறதுல எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார் அத்தா. "நல்ல எடம்னு நீங்களே சொல்றீக. அப்புறம் என்ன."

தன் இடத்தைத் தானே நல்ல இடம் என்று சொல்லிக்கொள்கிற மாப்பிள்ளை.

இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச முடியாது. கதவைச் சுற்றிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். கல்யாணம் என்ற சொல் அத்தா முன்னால் அவளுக்கு வாயில் வராது. கூச்சம். அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, எனக்குப் பத்திரிகை வேணாம்."

ஹனிபா நிமிர்ந்து பார்த்தார். போன் காதிலேயே இருந்தது.

"என்னது?"

"பத்திரிகை வேணாத்தா. கட்டாயப்படுத்தாதீக."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

தலையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து இந்த மனுஷனை எதிர்த்து ஒரு சொல் சொன்னவள் இல்லை.

அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு போனில், "மாப்ள, புள்ள வேணாங்குது. விட்டுருங்க. இல்ல இல்ல, அது மனசுக்கு மாறா நான் செய்ய மாட்டேன்," என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவுதானா?

ஆரிபாவுக்கு அழுகை முட்டியது. ஒரே வார்த்தைக்குக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டாரே. இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்து வைத்திருந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தட்டைக் கழுவி, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சென்னையில்தான் அம்மாவின் தம்பி ஜமீல் மாமா இருக்கிறாரே, ஒரு ஆட்டோ பிடித்தால் போதாதா. இவ்வளவு கேட்டவர் இதையும் கேட்பார்.

"அத்தா, ஜமீல் மாமாவுக்கு ஒரு போன் போடுறீகளா?"

"இப்பத்தானே பேசி வச்சேன்," என்றார் ஹனிபா.

ஆரிபாவின் கையில் கரண்டி நின்றது. மச்சினனையும் அத்தா மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"பாவம், காலையிலேருந்து அந்த யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நிக்கிறாரு. ஆஸ்டல் எல்லாம் பாத்துட்டு, நல்ல எடம், தைரியமா அனுப்புங்கன்னு சொன்னாரு." சோற்றைப் பிசைந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "சரி, போகுது. பத்திரிகை வேணாம்னா வேற என்னதான் படிக்கப் போற?"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை உருவி எடுத்தாள். இரண்டு தடவை தப்பான பெயரில் விரல் பட்டது.

"மாமா, எங்கிட்டு இருக்கீக?"

"வேணாம்னு சொல்லிட்டு இப்பத்தான் படியெறங்குறேன்மா. அடுத்த புள்ளையக் கூப்பிடுறாக."

"ஏறுங்க மாமா," என்றாள். "ஓடி ஏறுங்க."