நேரம் சரியில்லாத பைலட்

“அண்ணே, இனிமே என்னை நம்பி மேலே ஏறாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான் கார்த்திகேசன். கண்ணில் நீர் கொட்டியது. மணிக்கட்டில் புதுசாக ஒரு கறுப்புக் கயிறு. கிட்டே போனால் தலைவலித் தைலம் வாசனை.

துலுக்கானம் இளநீரைக் கீழே வைத்தார். பூந்தமல்லியில் மனை வாங்கி விற்றே சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருக்கும் மனிதர். அதை ஓட்டுகிறவன்தான் கார்த்திகேசன்.

“இன்னா நைனா சொல்ற?”

“ஏழரைச் சனி ஆரம்பிச்சிருச்சுண்ணே. மாங்காட்டு ஜோசியர் சொல்லிட்டார். என்கூட வர்றவங்களுக்கும் சேத்து ஆகாதாம்.”

துலுக்கானத்தின் முகம் வெளுத்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் விமானத்தை நகர்த்த விடமாட்டார். ராகு காலம் முடியட்டும் என்று வெயிலில் அதை நிறுத்தி, உள்ளே கார்த்திகேசனை வேகவைத்தவர்.

“நீ ராஜினாமா குடுக்க சொல்லோ எல்லாம் கிழிச்சிப் போட்டேனே, அப்பவே இத சொல்லக் கூடாதா?” நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “இன்னிக்கே ரிலீவிங் லெட்டர் தர்றேன். நீ குந்தின வண்டியும் எனக்கு வாணாம், வித்துடறேன். நல்லா இரு. ஆனா தூரமா இரு.”

சேக்காட்டு வீட்டில் அவன் மனைவி பவித்ரா அந்த லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது இல்லாமல் ஏர்லைன்ஸில் சேர்க்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால், எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு என்று முன்னாலேயே தெரியும். துலுக்கானம் அண்ணன் போன் அடித்தார் என்று மகளின் பிறந்தநாள் கேக்கைப் பாதியில் விட்டு ஓட வேண்டாம். அண்ணன் சம்சாரத்தின் ஊறுகாய் ஜாடியைச் சுமந்துகொண்டு விமானப் படி இறங்கவும் வேண்டாம்.

“நிஜமாவே அழுதீங்களா?” என்றாள்.

“கண்ணோரம் தைலம் தடவினேன். அதுவே அழுதுடுச்சு.”

“வாயால சொன்னது பலிச்சிடப் போவுதுங்க.”

“அந்த ஜோசியரே நான் கட்டிவிட்டது. இல்லாத ஜோசியர் சொன்ன சனி எங்கேருந்து வரும்?” கயிற்றை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான்.

பயிற்சி, பரீட்சை என்று ஆறு மாதம் ஓடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, தோளில் பட்டை மின்ன, பெரிய விமானத்தில் துணை விமானியாக உட்கார்ந்தான். பக்கத்தில் கேப்டன் மைதிலி. ஜனமெல்லாம் ஏறி, கதவும் சாத்தியாயிற்று. பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியது தாமதமாகி, இப்போது மணி பதினொன்று, நல்ல ராகு காலம். யாரும் எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. கார்த்திகேசனுக்குச் சிரிப்பு வந்தது.

பணிப்பெண் நிஷா மைக்கில் வணக்கம் சொன்னாள். “இன்றைய விமானி, கேப்டன் மைதிலி. துணை விமானி, கார்த்திகேசன்.”

அத்தனை பேர் காதில் தன் பெயர் விழுந்ததில் அவனுக்குப் புல்லரித்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அடுத்த நிமிடமே உள்ளே போன் மணி. நிஷாதான்.

“மேடம், பின்னாடி ஒரு பெரியவர் பெல்ட்டைக் கழட்டிட்டு எறங்கியே ஆகணும்ங்கறார். பக்கத்துல இருக்கறவங்களையும் கெளப்பி விடறார்.”

“உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள் மைதிலி.

நிஷா வாயைத் திறப்பதற்குள், அந்தப் போனிலேயே அவளைத் தாண்டி ஒரு குரல் அலறியது. அந்தக் குரலைக் கேட்டதும் கார்த்திகேசனின் கை தானாகவே வெறும் மணிக்கட்டைத் தடவியது.

“எல்லாம் எறங்குங்கப்பா, ஓட்றவனுக்கு ஏழரைச் சனி… இன்னும் ஏழு வருசம் பாக்கி கீது!”