கேசட்காரர் வெட்டிய காட்சி

"வேண்டாம்னா விட்டுடேன். இந்த வயசுல பொம்மைப் படம் பார்க்கப் போனா நாலு பேர் சிரிப்பாங்க."

கேசட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் இரண்டு டிக்கெட்டோடு வாசலிலேயே நின்றான்.

வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற பிள்ளை. லீவு சொல்லி, விமானம் ஏறி வந்திருக்கிறான். அவனிடம் பேசுகிற பேச்சா இது?

"அப்பா, நாரைக்குஞ்சு படம்ப்பா. சின்ன வயசுல நாம சேர்ந்து பார்த்தது. பழசைச் சரிபண்ணி மறுபடி தியேட்டர்ல போடறாங்க."

"அதான் நூறு தடவை பார்த்தாச்சே."

"பெரிய திரையில பார்த்ததில்லையே."

"முட்டி வலிக்குது."

"தியேட்டர் வாசல் வரைக்கும் கார் போகும்."

"கண்ணு கூசும்."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த டீச்சர் நின்றார். மேல் வீட்டுக்காரர். நியாயம் கேட்பதற்கு யார் கூப்பிடவும் வேண்டாம் அவருக்கு.

"நல்லாயிருக்கு சார் உங்க கதை. வருஷம் பூரா பிள்ளை வரலை, பிள்ளை வரலைன்னு மூக்கால அழறது. வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறது. இப்படியே இருங்க, அவனும் வர்றதை நிறுத்திடுவான்."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. கேசட்காரர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

வீட்டில் மனுஷக் குரல் கேட்கட்டும் என்பதற்காகவே காலையில் டிவியைப் போட்டுவிட்டு, பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள் அவர். மகனோடு வெளியே போக அவருக்குக் கசக்குமா? அவருடைய பயம் வேறு.

மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தெருமுனையில் வீடியோ கடை வைத்திருந்தார். கடையை மூடி எவ்வளவோ காலம் ஆகியும் கேசட்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அப்போது மகனுக்கு ஐந்து வயது. ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. பிள்ளை எதற்கும் வாய் திறக்கவில்லை. கடையிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டால் கொஞ்சம் சிரிப்பானே என்று நாரைக்குஞ்சு படத்தை எடுத்துவந்தார்.

நல்லவேளை, முதலில் தான் மட்டும் ஓட்டிப் பார்த்தார். நடுவில் புயல் வருகிறது. குஞ்சைக் காப்பாற்றிவிட்டுத் தாய் நாரை செத்துப்போகிறது.

இதை எப்படி அந்தப் பிள்ளைக்குக் காட்டுவது?

இரண்டு வீடியோ டெக்கை ஒயர் போட்டு இணைத்து, வேறு கேசட்டில் படத்தைப் பதிவு செய்தார். மேகம் கறுத்ததும் பதிவை நிறுத்தினார். பொழுது விடிந்து, குஞ்சு தனியாகக் கரையில் நடக்கிற இடத்தில் மறுபடி ஓடவிட்டார். சாவு போயே போச்சு.

"அம்மா எங்கப்பா?" என்று பிள்ளை திரையைப் பார்த்துக் கேட்டான்.

"இரை தேடப் போயிருக்கு. வந்துடும்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அந்தக் கேசட்டையே போடச் சொன்னான். அந்த இடம் வந்ததும் இவராகவே, "இரை தேடப் போயிருக்கு" என்பார்; அவன் தலையாட்டுவான். தன் அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அப்படியே வளர்ந்துவிட்டான். இப்போது போனில், "சாப்பிட்டீங்களா?", "மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சு வராமல் போனை வைத்துவிடுவார்கள்.

இன்றைக்கு முழுப் படமும் பார்க்கப் போகிறான். அப்பா சின்னப் பிள்ளையை ஏமாற்றிய பொய்யன் என்று தெரிந்துபோகும். பிறகு எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது?

தியேட்டர் நிறையக் குழந்தைகள். படம் ஆரம்பித்ததிலிருந்து கேசட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையில் மேகம் கறுக்கத் தொடங்கியதும் மகனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா, பாப்கார்ன் வாங்கிட்டு வரலாம்."

"மடியிலேயே இருக்கேப்பா."

"அப்ப பாத்ரூமுக்காவது கூட வா. இருட்டுல எனக்கு வழி தெரியாது."

மகன் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"உட்காருங்கப்பா. அம்மா நாரை செத்துப்போகும். எனக்குத் தெரியும்."

கேசட்காரர் தொப்பென்று உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"அப்பவே. நீங்க கடைக்குப் போயிருந்தப்ப பக்கத்து வீட்ல இதே படம் போட்டாங்க. அங்க முழுசா இருந்துச்சு. நீங்க வெட்டினது பெரியவனானப்புறம்தான் புரிஞ்சுது."

அவமானமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சிருந்துமா தினமும் என்னைப் பக்கத்துல உட்கார வச்சு அந்தக் கேசட்டைப் போடச் சொன்ன? அம்மா இரை தேடப் போயிருக்குன்னு நான் சொல்லச் சொல்ல, தலையை வேற ஆட்டினியே. என்னைப் பார்த்தா உனக்குக் கேலியா இருந்துச்சா?"

மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லப்பா. அது செத்துப்போனது உங்களுக்குத் தெரியாதுன்னு அப்போ நினைச்சேன். தெரிஞ்சா நீங்க அழுவீங்களேன்னுதான் சொல்லலை."