பெரிய மனுஷனுக்கு ஒரு நாற்காலி

"நாளைக்கு எங்க வூட்டுக்கு ஒரு பெரிய மனுஷன் வராரு. அவரு அசந்துபோற மாதிரி ஒரு நாற்காலி குடுங்க" என்றார் இருசப்பன்.

புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர்களின் பழைய சாமான்களை விற்பவர் தெய்வசிகாமணி. மெத்தை தைத்த தேக்கு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"தொரை தெனம் காலைல எழுந்ததும் இதுலதான் உக்காருவாரு. மெத்தைய மட்டும் பிரிச்சிடாதீங்க."

"அந்தப் பீங்கான் சட்டி?"

"அதுவும் தொரையோடதுதான். சும்மாவே எடுத்துக்குங்க!"

வண்டி தெருமுனை திரும்பும்வரை தெய்வசிகாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மறுநாள் தரகர் சொன்ன இடத்தில் மகனுக்குப் பெண் பார்க்க, அவனோடு தவளக்குப்பம் போனார். பல இடம் தட்டிப்போன பையன். இதுவாவது அமைய வேண்டுமே என்று வாசலில் கால் வைத்தவர் திகைத்து நின்றார். பெண்ணின் அப்பா, இருசப்பன்!

"அட, நீங்கதானா சம்மந்தி! உங்க கடை நாற்காலி உங்களுக்கே! உக்காருங்க!"

தோளை அழுத்தி உட்கார வைத்தார். தெய்வசிகாமணி நெளிந்தார்.

"சுலோசனா, கேசரி கொண்டாம்மா!"

பெண் வந்தாள். நெய் மணத்தது. தெய்வசிகாமணிக்கு வியர்த்தது. நாற்காலியில் அவர் மெத்தை தைத்து மறைத்திருந்த வட்ட ஓட்டைக்கு நேர் கீழே, துரைக்காகத் தினமும் காலையில் வைக்கப்பட்ட அதே பீங்கான் சட்டி அவள் கையில், நிறையக் கேசரியோடு!

"மொத வாய் உங்களுக்குத்தான், சம்மந்தி!"

"பொண்ணு புடிச்சிருக்குப்பா" என்று மகன் காதைக் கடித்தான்.

தெய்வசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.