தோளுக்கு நோகாத கட்டை

அடுப்புக்குப் பயந்த பலாக்கட்டை ஒன்று இருந்ததாம். துப்பாக்கிக்குத் தோளில் பதியும் பின்கட்டை செதுக்கும் பட்டறையில் அதோடு தேக்குக் கட்டையும் ஈட்டிமரக் கட்டையும் கிடந்தன. தேறாத கட்டை அடுப்புக்குப் போய்விடும்.

"என் வரியழகுக்கு ராசாவே மயங்குவான்" என்றது ஈட்டி.

"உன் கனத்துக்கு ராசாவோட இடுப்பு ஒடியும். நான் அடைமழையிலும் கோணமாட்டேன்" என்றது தேக்கு. "நீ என்னடா செய்வே, பலாப்பயலே?"

"குண்டு கிளம்புறப்ப பின்னால வர்ற உதையை நானே வாங்கிக்குவேண்ணே. சுடுறவர் தோளுக்கு நோகாது."

ஆசாரி பலாவைத்தான் எடுத்துச் செதுக்கித் துப்பாக்கியில் பொருத்தினார். உயிர் பிழைத்தோமென்று அது பூரித்துப் போனது.

மறுநாள் அந்தத் துப்பாக்கியை வாங்கிய வேட்டைக்காரன் காட்டில் சுட்டான். கிளையிலிருந்து தாய்க்குரங்கு விழுந்தது. அதன் அலறல் பலாவின் நாரிலெல்லாம் இறங்கியது.

வேட்டைக்காரன் தோளைத் தடவிப் பார்த்தான்.

"அடடே, வலியே தெரியலையே! பொழுது சாயறவரைக்கும் சுடலாம்போல."