கேட்டுக்கு அந்தப் பக்கம்

மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடிய வண்டித்தடத்தில் புதிதாகக் கேட் போட்டுவிட்டு, நிலத்துக்காரர் சென்னியப்பன் அதன் முன்னால் நின்றார். கோகிலா வழக்கம்போலச் செவலைக் குதிரையில் வந்தாள். அவள் வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம்.

"ஆளு நடந்து போலாம். குதிரை போகக்கூடாது" என்றார்.

"செரிங்ண்ணா." இறங்கினாள். "இதக் கொஞ்சம் புடிங்க."

கடிவாள வாரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள். ஆடு மேயும் இடத்தில் எல்லோரும் செய்வதுபோல, மறக்காமல் சாத்திவிட்டு நடந்தாள்.

குதிரை கேட்டின்மேல் கழுத்தை நீட்டி அவள் போன திசையைப் பார்த்தது. அவரும் பார்த்தார். வாரை விட்டால் தாண்டிவிடும். கட்டிப்போட்டால் தீனி வைக்க வேண்டும்.

பொழுது இறங்கியது. குதிரை முன்னங்காலால் மண்ணைக் கிளறத் தொடங்கியது. சென்னியப்பன் கேட்டைத் திறந்து, குதிரையோடு அந்தப் பக்கம் போனார். மறக்காமல் சாத்தினார்.