ஒரே இருமல்

ஆஸ்பத்திரி ஜன்னலில் விமானங்களுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் காகிதம் கிழிந்த இடங்கள் வழியாகக் காலை வெயில் மேசையில் விழுகிறது. "இது விசர், பைத்தியம் ஒண்டுமில்லை, அம்மா," என்கிறார் டாக்குத்தர். "பயத்தாலை வந்த வருத்தம். சுகமாக்கலாம். கிழமைக்கொருக்கா வரட்டும், கதைப்பம்." யோகமலர் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுகிறாள். சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்த நாளிலிருந்து, கப்பல் ஊதினால் போதும், பக்கத்தில் இருக்கும் அவள் கணவன் வேலாப்போடிக்கு நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வேர்த்துக் கொட்டுகிறது. அவன் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்கப் போய் இரண்டு மாதம். அயலவர்களிடம் இருமல் என்றே சொல்லி வைத்திருக்கிறாள்.

வெளி விறாந்தையில், வாங்குப் பலகையின் ஓரத்தில் துறைமுகக் கங்காணி அலியார் இருக்கிறார். அவர் அதட்டினால் மூட்டை சுமப்பவர்கள் எல்லாம் நடுங்குவார்கள். இவர்களைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்கிறார். "என்ன காக்கா, இஞ்சை?" என்று அவரை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்கிறான் வேலாப்போடி. "இருமல், தம்பி. நீ?" "எனக்கும் இருமல்தான்." அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதுகிறது. வேலாப்போடியின் கை தூணைப் பிடிக்கிறது. அலியாரின் விரல்கள் வாங்கின் விளிம்பை இறுக்குகின்றன. ஊதல் அடங்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருக்கிறார்கள். "பொல்லாத இருமல், காக்கா," என்கிறான் வேலாப்போடி. அலியாரின் தோள்கள் குலுங்குகின்றன. வேலாப்போடியும் சிரிக்கிறான், யோகமலர் இரண்டு மாதமாகக் கேளாத சிரிப்பு அது. "டாக்குத்தர் ஏசுவாரோ?" என்று அலியார் மெல்லக் கேட்கிறார். "இல்லை, காக்கா. நல்லாக் கதைப்பார்." அலியார் எழுந்து தன் இடத்தைக் காட்டுகிறார். "அப்ப இதிலை இரு. நானும் காட்டிப்போட்டு வாறன், சேர்ந்து போவம்." வேலாப்போடி உட்காருகிறான். யோகமலர் வெயிலில் கிளம்புவதற்காக விரித்த குடையைத் திரும்பவும் மடக்குகிறாள்.