எண்ணெய் சேர்க்காதது

"தள்ளு தள்ளு. உன் கையி பட்டாலே எண்ணெய் ஒட்டிக்கும்."

மிக்ஸி ஜாரைக் கழுவப் போன மனைவியை ஞானராஜ் விரட்டினார்.

ஞானமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "காப்பித் தண்ணி கூட வெச்சறியாத மனுசன். இப்ப என் அடுப்படியிலருந்து என்னையே தொரத்தறீங்க."

"உசுரு போவுதுன்னா எல்லா வேலையும் வரும், மேரி."

கதவைச் சாத்திக்கொண்டார். மிக்ஸி உறுமியது.

தயிர், எலுமிச்சை, புதினா, மிளகு, பூண்டு ஒரு பல், பேருக்கு உப்பு. சாலட்டில் ஊற்றிக்கொள்ள ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொன்ன டிரெஸ்ஸிங் அவ்வளவுதான். எண்ணெய் கூடவே கூடாது. ஒரு டம்ளர் அளவுக்குத்தான் அரைப்பார். வேளைக்கு வேளை புதிதாக.

சாப்பிடுவது அவரல்ல. மகள் பிளசி.

ஞானராஜ் பாலக்கோடு தக்காளி மண்டியில் தரகர். அழுகல் கூடையைக்கூட முதல் ரகம் என்று லாரியில் ஏற்றிவிடும் வாய். அந்த வாயில் குடியும் இறங்கியதால் ஈரல் போய்விட்டது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், வயிற்றில் நீர். பிளசியின் ஈரலில் ஒரு பாதியை எடுத்து வைத்தால் பிழைப்பார். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு. ஈஸ்டர் முடிந்ததும் ஸ்கேன். அதற்குள் குறைந்தால் ஆபரேஷன். குறையாவிட்டால் குடும்பத்தோடு ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் ஞானராஜ் வேண்டாம் என்றுதான் மறுத்தார். பிளசி ஓசூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டாள். அதன் பிறகு 'சரி' என்றார். மண்டிக்காரன் முதலில் வேண்டாம் என்பது விலை படிவதற்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான் அவருடைய மச்சான் அருள்பிரகாஷ்.

அவனே அன்றைக்கு வந்து நின்றான்.

"என்னாக்கா, உள்ள மிக்ஸி ஓடுது?"

"டிரெஸ்ஸிங் அரைக்கறாருடா."

"டிரெஸ்ஸிங்கா? அது அறுத்த பொறவு கட்டறதில்ல? மாமா முன்னாலயே ரெடி பண்றாரா?"

யாரும் சிரிக்கவில்லை. ஞானராஜ் சுவரைப் பிடித்தபடி கிண்ணத்தோடு வெளியே வந்தார். கீழே வெள்ளரி, கேரட், முட்டைகோஸ். மேலே வெள்ளையாக டிரெஸ்ஸிங். பிளசி முன்னால் வைத்தார்.

"ஒரு சொட்டு விடாத வழிச்சித் தின்னு கண்ணு."

"தவக்காலத்துல சாமியாருங்க கூட இப்படி வயித்தக் கட்டல," என்றான் அருள்பிரகாஷ். "குடிச்சது நீங்க. கத்தி வெக்கறது அவ வயித்துலயா மாமா?"

"ஈரலு வெட்டுனா வளந்துக்கும்டா. முடி மாதிரி."

"அப்ப உங்களுது வளரலாமே?"

"மாமா, நீங்க கெளம்புங்க," என்றாள் பிளசி, வாய் நிறைய கோஸோடு. "எங்கப்பா, என் ஈரலு. எனக்கு இது நல்லாத்தான் இருக்குது. ஆஸ்பத்திரியில குடுத்தத தின்னாத்தான் வாந்தி வந்துச்சி."

ஞானராஜ் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். லாபம் பார்த்த தரகனின் பார்வை என்று நினைத்துக்கொண்டு அவன் வண்டியை எடுத்தான்.

ஈஸ்டர் அன்று கோயிலிலிருந்து திரும்பியதும் வீடே மட்டன் பிரியாணியில் மணத்தது. பின்கட்டில் ஒளித்து வைத்திருந்த தட்டில் எலும்புகள் கிடப்பதை ஞானராஜ் பார்த்துவிட்டார். பிளசி உதட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு குடுத்தது இத?"

"நாந்தாங்க," என்றாள் ஞானமேரி. "பண்டிக நாளு. புள்ள மொகத்தப் பாக்க முடியலீங்க. ஒரு தட்டு..."

"ஒரு தட்டா? என்னைய சாவடிக்கப் பாக்கறியாடி? தாலி கட்டுனவன் செத்தா உனக்கு என்னா கெடைக்கும்?"

தட்டு வாசல் வரை பறந்தது. ஞானமேரி எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். ராத்திரி ஜெபத்தில் அந்த ஒரு தட்டுக்காக மன்னிப்புக் கேட்டாள்.

ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பிளசியைத்தான் பார்த்தார்.

"ஒழுங்கா டயட்ல இருந்தியாம்மா? கொழுப்பு கொறையல. ஏறியிருக்குது. இந்த ஈரலை வெட்டுனா உன் உயிருக்கே ஆபத்து. நான் கத்தி வெக்க மாட்டேன்."

"இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்க சார். நான் பச்சத் தண்ணியில இருக்கறேன்."

"உனக்கு டைம் இருக்கும்மா. அப்பாவுக்கு இல்ல."

எழுந்து போன டாக்டரின் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினாள் பிளசி.

வராந்தாவில் ஞானமேரி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பிரியாணிங்க! என் கையாலயே ஆக்கிப் போட்டு உங்களக் கொன்னுட்டேனே! கர்த்தரு என்னைய மன்னிப்பாரா? நீங்க மன்னிப்பீங்களா?"

ஞானராஜ் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் தரையில் இறங்கினார். மகள் வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, மனைவியின் கையைப் பிடித்து இறக்கினார்.

"அடிச்சிக்காத மேரி. ஒரு தட்டு பிரியாணில என்னா ஆவும்? புள்ள காதுக்கு மட்டும் இது போவக் கூடாது. வேளைக்கு வேளை தயிருன்னு சொல்லி நான் அரச்சி ஊத்துனது அத்தனையும் வெண்ணெயும் முந்திரியும்."